இருபத்தொரு வெறுங்குச்சிகள்

சுந்தரம்மாளை மில்லை விட்டு நீக்க நானும்தான் ஓட்டுப் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருத்தன் வந்து, மேஸ்திரி தன்னை மட்டும் யோக்கியனாக வைத்துக் கதை சொல்லுகிறான் என்று பேசக்கூடாது.

என் பேர் பால்ச்சாமி. வயது அறுபத்தேழு. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டுகிற துணி நெய்யும் மில் ஒன்றில் மேஸ்திரி. தறி நின்றுபோனால் ஓட வைப்பது என் வேலை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் மனுஷன் வாய் என்ன சொல்லுகிறது என்பதை விட்டுவிட்டு, கை என்ன செய்கிறது என்று பார்த்தே பழகிவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளி மில்லை மூடப்போவதாகச் சொன்னார். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க அவரிடம் வழியில்லை. அதற்குப் பதிலாகப் பதினாறு தறியையும் கொட்டகையையும் உங்கள் பேருக்கே எழுதித் தருகிறேன் என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம். ஒருத்தன் கிணற்றைச் சும்மா கொடுத்தால் உள்ளே எதுவோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஆல்வின் ஓடியாடித் திரிந்தான். ஆறாம் தறியில் நெய்கிறவன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்து, நாலு மாசம் பஸ்ஸில் போய் வந்து, கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துவிட்டான்.

இருபத்தெட்டுப் பேர். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் ஒன்றுதான், தலைவராகிவிட்ட ஆல்வினுக்கும் ஒன்றுதான். முதல் நாள் கேக் வெட்டினார்கள்.

"இனிமே முதலாளின்னு தனியா ஒருத்தன் கெடையாது. நாமதான் முதலாளி" என்றான் ஆல்வின்.

"அப்போ நம்மளை ஏய்க்கப் போறது யாருடே?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

எங்களில் எட்டுப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஓட்டுச் சீட்டு வேண்டாம், தார்க்குச்சி போதும் என்று முடிவானது. தார்க்குச்சி என்பது ஒரு சாண் நீளக் கட்டை. அதில் நூலைச் சுற்றி, படகு மாதிரி இருக்கிற நாடாவுக்குள் சொருகினால், தறியில் இங்கிட்டும் அங்கிட்டும் பறக்கும். நூல் தீர்ந்தால் வெறுங்குச்சி. கூட்டத்தன்று ஒவ்வொருவரும் நூல் சுற்றிய குச்சி ஒன்று, வெறுங்குச்சி ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். துண்டுக்குள்ளோ சேலை முந்திக்குள்ளோ மறைத்து ஆபீஸ் அறைக்குப் போய், அங்கே கட்டியிருக்கிற சாக்கில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். சுற்றிய தார் என்றால் சம்மதம். வெறுங்குச்சி என்றால் சம்மதமில்லை. யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. எம்.எல்.ஏ. எலெக்சனில்கூட இம்புட்டு ரகசியம் கிடையாது என்று ஆல்வின் பெருமையடித்துக்கொள்வான்.

சுந்தரம்மாள் தார் சுற்றுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அதே மிஷின், அதே முக்காலி. ஐம்பது வயது தாண்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகளைக் கூமாப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டில் மகளுக்கே இடுக்கில்தான் இடம். பாவப்பட்ட பொம்பளை என்று நினைத்துவிட வேண்டாம். வாய் கத்தி. போன வருஷம் பாண்டிதுரை என்கிற தறிக்காரன் குடித்துவிட்டு வந்து தறியடியில் தூங்குகிறான் என்று கூட்டம் போட்டபோது, அவனை வெளியே தள்ளச் சொல்லி முதலில் எழுந்தவள் இவள்தான். அவன் பெண்டாட்டி கேட்டுக்கு வெளியே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அழுதா தறி ஓடுமா? போயி அவனுக்கு மோர் குடு" என்று கேட்டைச் சாத்தியவளும் இவள்தான். மூன்றில் இரண்டு பங்கு வெறுங்குச்சி விழுந்தால் ஆள் வெளியே என்பது சட்டம். பாண்டிதுரைக்கு அதற்கு மேலேயே விழுந்தது. இருபத்தேழு பேர் ஆனோம்.

அதற்கும் முந்தி, கொட்டகைக்குள் தூசி உறிஞ்சுகிற மிஷின் ஒன்று வாங்கவேண்டும் என்று சுந்தரம்மாள் கேட்டிருந்தாள். தார் சுற்றுகிற இடத்தில் பஞ்சுத்தூசி பனி மாதிரி நிற்கும். மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்தால் மூடுவதற்குள் வெள்ளை படியும். மிஷின் வாங்கினால் தீபாவளிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று ஆல்வின் விளக்கினான். ஓட்டுப் போட்டோம். சம்மதம் என்று சாக்கில் விழுந்தது மூன்றே தார். எனக்கும் தீபாவளி உண்டு.

அப்புறம்தான் இருமல் வந்தது.

எங்கள் துணி அம்புட்டையும் வாங்குவது ஒரே ஒரு மதுரைக் கம்பெனி. மாசம் ஒரு தரம் அங்கேயிருந்து கௌதம்ராஜ் என்று ஒரு அதிகாரி காரில் வருவார். வெள்ளைச் சட்டை, முகத்தில் மாஸ்க். ஒரு நாள் தார் சுற்றும் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். சுந்தரம்மாள் இருமிக்கொண்டிருந்தாள். ஆரம்பித்தால் நிற்காத இருமல். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமுவாள்.

"ஆபரேசன் தியேட்டருக்குப் போற துணி இது. அடுத்த மாசம் நான் வரும்போது இந்தச் சத்தம் எனக்குக் கேக்கக்கூடாது" என்று ஆல்வினிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் மறுநாளே லீவு எழுதிக்கொடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்து, காசநோய் இல்லை என்று எழுதி வாங்கி வருகிறேன் என்றாள். அவளே கொண்டுவருகிற சீட்டை எப்படி நம்புவது என்று ஒருத்தன் கேட்டான். ஆல்வின் என்னைப் பார்த்தான்.

"மேஸ்திரிதான் பெத்த புள்ளையையும் நம்ப மாட்டாரு. அவரு கூடப் போகட்டும்."

போனேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, இருமல் வரும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டினாள். முன் சீட்டுக்காரன் எழுந்து வேறு இடம் போனான். "பாத்தீயளா அண்ணே, ரெண்டு சீட்டு நமக்கு மிச்சம். காலை நீட்டுங்க" என்றாள்.

டாக்டரம்மா சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. "காசநோய் கெடையாதும்மா. பஞ்சுத்தூசி நுரையீரல்ல ஏறியிருக்கு. யாருக்கும் ஒட்டாது. ஆனா இனிமே அந்தத் தூசிக்குள்ள உக்காராதீங்க."

"உக்காரலைன்னா சோத்துக்கு என்ன டாக்டரம்மா பண்ண?"

அதற்கு அந்தப் பெண்ணிடம் மருந்து இல்லை. என் பக்கம் திரும்பி, "நீங்களும் அதே மில்லா? எத்தனை வருசம்? நீங்களும் ஒரு படம் எடுத்துக்குங்களேன்" என்றது. எனக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

சீட்டைப் பாலிதீன் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் அரைக் கிலோ பால்கோவா வாங்கினாள். எதற்கு என்று கேட்டேன். "ஒட்டாதுன்னு எழுதியிருக்காவள்லா. எல்லாருக்கும் என் கையால ஒரு வாய் குடுக்கணும்" என்றாள்.

கொடுத்தாள். தறி தறியாகப் போய் ஒவ்வொருவருக்கும் வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். "நல்லாருக்கு அக்கா" என்றார்கள். சாயங்காலம் கழிவுப் பஞ்சு மூட்டையை நான் தூக்கியபோது கையில் பிசுபிசுத்தது. உள்ளே பார்த்தேன். இலையோடு அப்படியே கிடந்தன. எண்ணிப் பார்க்கவில்லை. அவளிடம் சொல்லவுமில்லை. ஓட்டு எப்படி விழும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. ஆல்வின் சர்ச்சிலிருந்து நேராக வந்தான். தறிகளுக்கு நடுவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மின்விசிறிகூடப் போடவில்லை, தூசி எழும்பும் என்று.

"யாருக்கும் அக்கா மேல கோவம் கெடையாது. இது ஜனநாயகம். அவியவிய மனசுல உள்ளதப் பேசலாம்" என்று ஆல்வின் ஆரம்பித்தான். "மொதல்ல மேஸ்திரி. டாக்டர் என்ன சொன்னாவ?"

"பஞ்சுத்தூசின்னு சொன்னா. ஒட்டாதுன்னு சொன்னா. நான் காதால கேட்டேன்."

"நாம நம்புதோம் மேஸ்திரி. கௌதம்ராஜ் நம்புவாரா?" என்றான் சோலைராஜ். இரண்டாம் தறிக்காரன். "அக்காவ வெளிய அனுப்ப எனக்குத் துளி இஷ்டம் இல்ல. ஆனா ஆர்டர் நின்னா இருபத்தேழு வீட்டுல அடுப்பு நிக்கும். அதையும் யோசிக்கணும்லா?"

அடுத்து அன்னத்தாய் எழுந்தாள். சுந்தரம்மாளுக்குப் பக்கத்து மிஷினில் தார் சுற்றுகிறவள். பேச ஆரம்பிக்கும் முன்பே அழுதுவிட்டாள். "பதினெட்டு வருசமா ஒரே தூக்குல தின்னுருக்கோம். அவ இல்லாம நான் அந்த இடத்துல எப்படி உக்காருவேன்? நீங்க அவளத் தள்ளுனா என்னையும் சேத்துத் தள்ளுங்க."

"ஏட்டி, அழாத. நீ அழுதா எனக்கு இருமல் வருது" என்றாள் சுந்தரம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. எழுந்து நின்று பாலிதீன் பையைப் பிரித்தாள்.

"இந்தா சீட்டு. நான் நோயாளி இல்ல. இந்தத் தூசி எங்கயிருந்து வந்துச்சு? பக்கத்து மில்லுல போயித் திருடித் தின்னேனா? இங்கதான் தின்னேன், உங்க கூட உக்காந்துதான் தின்னேன். ஆறு மாசம் வேற வேலை குடுங்க. கேட்டுல உக்காருதேன்."

"கேட்டுக்கு ஆள் எதுக்கு அக்கா? நம்மகிட்ட களவாங்க என்ன இருக்கு?" என்றான் ஒருத்தன். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"என்னய வெளிய மட்டும் தள்ளிராதீய. சம்பளம் கொறச்சிக்கிடுங்க. வெளிய போனா எனக்குப் போக்கிடம் கெடையாது. மக வீட்டுல போயித் திங்க முடியாது. நான் சொல்லுதது வேற ஒண்ணும் இல்ல, அம்புட்டுதான்."

உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. இருமுகிறாள் என்று ஒருத்தியை அவர் வரவேண்டாம் என்றார். பதினொரு நாள் கேட்டில் கொடி நட்டு உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்தேன், சுந்தரம்மாள் உட்கார்ந்தாள். முதலாளி தெலுங்கில் எங்களைத் திட்டிக்கொண்டே அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அவரை எதிர்த்து நாங்கள் இருந்தோம். எங்களை எதிர்த்து யார் உட்காருவது?

அவளுடைய விஷயம் என்பதால் அவளுக்கு ஓட்டு இல்லை. மிச்சம் இருபத்தாறு பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனோம். அவள் இருக்கலாம் என்றால் சுற்றிய தார். வேண்டாம் என்றால் வெறுங்குச்சி. எனக்குத் தறி கிடையாது. டூல்ஸ் பெட்டிக்குள் தறியைச் சோதித்துப் பார்க்க வைத்திருந்த குச்சிகளைத்தான் எடுத்துப் போனேன். சாக்கு வாயில் கையை வைத்துக்கொண்டு செத்த நேரம் நின்றேன். அறுபத்தேழு வயதில் இன்னொரு மில்லில் எனக்கு வேலை கொடுப்பவன் இன்னும் பிறக்கவில்லை. ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். வெறுங்குச்சியைப் போட்டேன்.

ஆல்வின் சாக்கைப் பாயில் கவிழ்த்து எண்ணினான். சுற்றிய தார் ஐந்து. வெறுங்குச்சி இருபத்தொன்று.

அன்னத்தாய் "ஐயோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சோலைராஜ் கண்ணைத் துடைத்தான். ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவனைச் சந்தேகமாகப் பார்த்து, "எந்தப் பாவிப்பயலுவ போட்டானுவ?" என்று முனகினார்கள்.

சுந்தரம்மாள் அழவில்லை. "சாக்க இங்க கொண்டா" என்றாள்.

"எதுக்கு அக்கா?" என்றான் ஆல்வின்.

"எப்பவும் ஓட்டு முடிஞ்சா எங்கிட்டதானே வரும்? குச்சியப் பிரிச்சி அவனவன் தறிக்கு அனுப்புறது யாரு, ஒங்க அப்பனா? இன்னைக்கும் நானே பிரிச்சிக் குடுத்துட்டுப் போறேன்."

எங்கள் யாருக்கும் அப்போதுகூட உறைக்கவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுற்றிய தார் ஐந்தையும் எடுத்து மடியில் போட்டு முந்தியால் மூடினாள். பிறகு வெறுங்குச்சி ஒன்றை எடுத்து, அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வெட்டு. சோலைராஜு. இந்தாப்பா ஒன்னோடது. கண்ணத் தொடச்சிட்டு வாங்கிக்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெய்கிறவனுக்கு நல்ல குச்சி என்றால் உயிர். கோணல் குச்சி மாட்டினால் நாடா தறியை விட்டுப் பறந்து வந்து மூஞ்சியைப் பேர்க்கும். அதனால் நல்ல குச்சியாகப் பொறுக்கி, அடுத்தவன் எடுத்துவிடாமல் அடிப்பக்கத்தில் ஒவ்வொருவனும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வான். அவனவனுக்கு அவனவன் அடையாளம்தான் தெரியும். பதினாறு தறியின் அடையாளமும் தெரிந்தவர்கள் தார் சுற்றுகிறவர்கள் மட்டும். அந்தக் குச்சிகளையே கொண்டுபோய் ரகசியமாகச் சாக்கில் போட்டு, சாக்கை அவள் கையிலேயே கொடுத்து வந்திருக்கிறோம். இத்தனை நாளும்.

"செகப்பு நகப்பாலிசு. ஒம்பதாம் தறி." வீசினாள். "ஆணி வச்சிச் சுட்டது. பதினொண்ணு." வீசினாள். "சிலுவை." ஆல்வினை நிமிர்ந்து பார்த்தாள். "சர்ச்சுல இருந்து நேரா வந்தியா தம்பி?"

ஆல்வின் குச்சியை வாங்கவில்லை. அது அவன் காலடியில் உருண்டது.

"பேக்கிங் பொம்பளைய நாலு பேருக்கும் குச்சி கெடையாது. காலையில எம்பெட்டியில இருந்துதான் எடுத்தீய. நாலு சுத்துன தாரும் திரும்பி வந்து பெட்டியில கெடக்கு. அப்போ இந்தா, நாலு வெறுங்குச்சி." நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அடுத்தது என்னுடையது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள். "மேஸ்திரி அண்ணே, கிரீஸயாவது தொடச்சிட்டுப் போட்டுருக்கலாம்லா? என் கையெல்லாம் கருப்பாவுது."

குச்சியை வாங்கி டூல்ஸ் பெட்டிக்குள் போட்டேன்.

ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அதில் அடையாளமே இல்லை.

"இது என் மிஷினுக்கு எடது பக்கம், முக்காலிக்கு அடியில நான் ஒதுக்கிப் போடுத குச்சி. இத எடுக்கணும்னா எம் பக்கத்துல உக்காந்து கைய நீட்டணும்." அன்னத்தாயின் மடியில் அதை மெதுவாக வைத்தாள். "எடுத்ததுதான் எடுத்த, ஒன் பெட்டியில இருந்து எடுத்திருக்கக் கூடாதாட்டி?"

அன்னத்தாய் அழுகையை நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைய இருக்கு. ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லுவா. அவளா வந்து பக்கத்துல உக்காருதா?" என்றாள்.

"ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்" என்றாள் சுந்தரம்மாள், எல்லோருக்கும் பொதுவாக. "தூசி மிஷினுக்கு மூணு தார் விழுந்துச்சே. ஒண்ணு நான். ஒண்ணு பாண்டிதுரை. குடிகாரப் பய எனக்குப் போட்டான், நான் அவனுக்கு வெறுங்குச்சி போட்டேன். எனக்கு வேணும். ஆனா ஒங்கள்ல யாரு என்னன்னு நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. ரகசியம்னு நம்பிட்டுப் போறாவ, போகட்டும்னு விட்டேன்."

வெட்கப்பட வேண்டியவர்கள் கோபப்பட்டோம். அது சுலபம்.

"ரெண்டு வருசமா நம்மள வேவு பாத்திருக்கா!" என்று சோலைராஜ் குதித்தான். "இதுக்கே இவளத் தள்ளணும்" என்றாள் பேக்கிங்காரி ஒருத்தி. சங்கத்தின் ரகசியத்தை உடைத்தது பெரிய குற்றம் என்று ஆல்வின் பைலைப் புரட்டினான். ஒரு நிமிஷத்துக்குள் அவள் குற்றவாளி, நாங்கள் ஏமாந்தவர்கள்.

"அந்த அஞ்சு பேரு யாரு? அதையும் சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அத நான் சொல்ல மாட்டேன்" என்றாள். மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பெயர் வராத ஐந்து பேர் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் ஜெபின் இளவட்டம், போன தை மாசம் கல்யாணம் ஆனவன். எல்லாக் கண்ணும் தன் மேல் விழுந்ததும் துள்ளி எழுந்தான்.

"நான் வெறுங்குச்சிதான் போட்டேன்! இவ வேணும்னே என் பேர விட்டுட்டா!"

"நானும்தான்" என்றாள் கூட்டிப் பெருக்குகிறவள். மூன்றாவது ஆள் மாதா மேல் சத்தியம் பண்ணினான். ஐந்து பேரும் சொல்லி முடித்தார்கள்.

சுந்தரம்மாள் முந்தியை விலக்கினாள். நூல் சுற்றிய ஐந்து தாரும் மடியில் வெள்ளையாகக் கிடந்தன. "அப்போ இது அஞ்சையும் பேய் வந்து போட்டுதாய்யா?" என்று ஜெபினைக் கேட்டாள். ஐந்தையும் பாயில் வரிசையாக வைத்துவிட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டு பாயிலேயே கிடந்தது. கூட்டிப் பெருக்குகிறவள் அதையும் சேர்த்துப் பெருக்கினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எங்களுக்கு நல்லது. நான்கு நாளில் தறிகள் நிற்க ஆரம்பித்தன. பதினாறு தறிக்கு அன்னத்தாய் ஒருத்தியால் தார் சுற்றிக் கொடுக்க முடியவில்லை. புதிதாக வந்த இரண்டு பெண்களும் தூசியைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்கள்தான், வரவில்லை. மறுபடி கூட்டம். இந்தத் தடவை சாக்கு கிடையாது, கை தூக்கினால் போதும் என்றார்கள். சுந்தரம்மாளைத் தினக்கூலிக்கு எடுத்துக்கொள்ளலாம், பங்கு இல்லை, ஓட்டு இல்லை, கம்பெனிக்காரர் வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே இருக்க வேண்டும் என்று ஆல்வின் வாசித்தான். இருபத்தாறு கையும் ஒன்றாக எழுந்தன. சங்கம் தொடங்கியதிலிருந்து அப்படி ஒற்றுமை ஒரு நாளும் இருந்ததில்லை.

சொல்லி அனுப்பியது என் மூலமாகத்தான். வரமாட்டாள், காறித் துப்புவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று முழுவதும் கேட்டாள்.

"எத்தனை மணிக்கு வரணும் முதலாளி?" என்றாள்.

வந்தாள். அதே முக்காலி. அன்னத்தாய் தன் மிஷினை நாலடி தள்ளிப் போடச் சொன்னாள், நான்தான் தள்ளிப் போட்டேன். அன்றிலிருந்து சுந்தரம்மாள் எங்களை ஒருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நெய்கிறவனும் முதலாளி, பேக்கிங்காரியும் முதலாளி, தன்னைவிட முப்பது வயது இளைய ஜெபினும் முதலாளி. "நூல் தீந்துட்டுங்க முதலாளி." "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன் முதலாளி." முதல் வாரம் சிலர் நெளிந்தார்கள். ஆல்வின்கூட, "அக்கா, அப்படிச் சொல்லாதீய" என்றான். இரண்டாம் வாரம் எல்லோருக்கும் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் சோலைராஜ் அவளை டீ வாங்கி வரச் சொன்னான்.

கௌதம்ராஜ் வருகிற நாளில் காலையிலேயே அவளைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பினேன். எதிரில் டீக்கடை பெஞ்சில் தூக்கோடு போய் உட்கார்ந்தாள். அவர் உள்ளே வந்தார். தார் சுற்றும் பக்கம் நின்று காதைத் தீட்டினார்.

"அந்த இருமல் அம்மா?"

"நீக்கிட்டோம் சார். மெஜாரிட்டி ஓட்டுல" என்றான் ஆல்வின்.

"குட்" என்று தலையை ஆட்டிக்கொண்டே, துணியைப் புரட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். போகும்போது கார் ஏறாமல் நேரே டீக்கடைக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவள் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் அவரும் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டார். அவளுக்கு இருமல் வந்தது. முந்தியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அவர் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டார். போன மாசம் பார்த்த முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. "எந்த மில்லும்மா நீ?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். இந்த மில்தான், நாளைக்கும் நான்தான் உட்காருவேன் என்று சொன்னால் ஆர்டர் போயிற்று, இருபத்தாறு முதலாளிகளும் தெருவில்.

"மில்லெல்லாம் கெடையாதுய்யா. பஸ்ஸுக்கு நிக்கேன். வன்னியம்பட்டிக்கு."

"இருமலுக்கு டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டியாச்சிய்யா. ஒட்டாதாம்."

அவர் டீக் கிளாஸை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்று குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவள் நல்ல மனசு என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் கேட்டேவிட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொல்லி? மில்லு மூடும். நாளைக்கு எனக்கு எவன் கூலி தருவான், நீங்களா?" தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வழி விடுங்க முதலாளி. ரெண்டு மணிநேரம் போயிட்டு. பதினாறு தறிக்கும் தார் சுத்தணும்."

முன்வாசலில் கம்பெனிக்காரர் வைக்கச் சொன்ன கேமரா இருக்கிறது. அதில் அவள் விழக்கூடாது. அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். நான் முன்வாசல் வழியாக உள்ளே வந்தேன். பின்கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும், தறி ஓடும்போது தட்டினால் யாருக்கும் கேட்காது. ஏழாம் தறியில் ஒரு போல்ட் ஆடிக்கொண்டிருந்தது. அதை முடுக்கினேன். கையைக் கழுவித் துடைத்தேன். அதற்கு அப்புறம்தான் போய்க் கதவைத் திறந்தேன்.